காலண்டர் தாளின் மேல் ஒரு தகடு

எங்கள் வீட்டில் ராசிபலன் பார்க்கிற வழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிற குடும்பம். ஆனாலும் சில வருடங்களாக நான் தினசரிக் காலண்டரின் ராசிபலனை விடாமல் படித்திருக்கிறேன், அதுவும் ஒரு கண்ணாடி இழைத் தகட்டின் வழியாக. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் அது. தாளின் அடியில் ஒவ்வொரு ராசிக்கும் ஒரே ஒரு வார்த்தை பொடி எழுத்தில் இருக்கும். மேஷம் லாபம், ரிஷபம் செலவு, மிதுனம் அலைச்சல், இப்படி. வீட்டில் அதைவிடப் பொடி எழுத்து வேறு கிடையாது. நான் செய்த தகட்டை அந்தத் தாளின் மேல் வைத்து, வார்த்தைகளைப் படிக்க முடிந்தால் தகடு தேறியது. முடியாவிட்டால் ஒரு வாரத்து வேலை குப்பைக்கு.

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற சாலையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே மெக்கானிக்கல் துறையில் பாடம் எடுக்கிறேன். வேலையை விடாமலே சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தேன். பதிந்தபோது எனக்கு நல்ல உடம்பும் நல்ல தலைமுடியும் இருந்தன. அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "பிஎச்.டி. முடிஞ்சிதா" என்று கேட்கிற அளவுக்கு அது ஊருக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது. முடிந்திருந்தால் நானே சொல்லியிருக்க மாட்டேனா?

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் இது. காற்றாலை இறக்கை, மீன்பிடி படகு, மாடியில் உட்கார்ந்திருக்கும் தண்ணீர்த் தொட்டி, இதெல்லாம் கண்ணாடி இழையும் ரெசின் என்கிற பிசினும் சேர்ந்து இறுகிய பொருள். அதில் ஒரு துளை போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால், உள்ளே எந்த இடம் அதிகமாகச் சிரமப்படுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதே பொருளில் ஒளி ஊடுருவுகிற மாதிரி ஒரு தகடு செய்து, போலரிஸ்கோப் என்கிற கருவியில் மாட்டி இழுத்தால், அந்தச் சிரமம் வண்ணப் பட்டைகளாகக் கண்ணுக்குத் தெரியும். பட்டைகள் நெருக்கமாக இருக்கும் இடம்தான் முதலில் உடையப்போகிற இடம். மனிதர்களுக்கு இப்படி ஒரு கருவி இல்லாதது நல்லதுதான். என்னை அதில் வைத்திருந்தால் பட்டைகளைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்காது.

சொல்வதற்கு எளிது. செய்வதில்தான் என் இளமை போயிற்று. சாதாரண இழைத் தகடு, தண்ணீர்த் தொட்டி மாதிரி, ஒளியை விடாது. இழையும் பிசினும் வெளிச்சத்தை ஒரே அளவுக்கு வளைத்தால்தான் இழை கண்ணிலிருந்து மறையும். தண்ணீரில் கிடக்கும் ஐஸ்கட்டி சட்டென்று தெரியாமல் போகிறதே, அப்படி. அளவில் ஒரு நூல் பிசகினாலும் தகடு பால் கலந்த தண்ணீர் போல வெளுத்துவிடும்.

இழை நூல்கண்டு மாதிரி உருளையில் வரும். அதை இரும்புச் சட்டத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல, ஒரே இறுக்கத்தில் சுற்ற வேண்டும். பிறகு சட்டத்தோடு ஓவனில் வைத்து ஈரம் போக்க வேண்டும். ரெசினில் இன்னொரு திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு குப்பியில் இழைத் துண்டைப் போட்டு, அது கண்ணுக்கு மறைகிறதா என்று பதம் பார்க்க வேண்டும். இறுகிய பிறகு பதம் மாறும், அதையும் மனதில் வைத்துக் கலக்க வேண்டும். கலவையில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. குமிழியை உறிஞ்சி எடுக்க எங்கள் துறையில் ஒரு பம்பு உண்டு, யாரோ ஒரு புண்ணியவான் பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றிச் செய்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் குமிழிகள் அப்படியே உள்ளே உறைந்துவிடும். கரண்ட் போவதும் அப்போதுதான். பிறகு மெழுகு பூசிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சட்டத்தை நிறுத்திக் கலவையை ஊற்றி, இறுக்கிப் பூட்டிவிட்டு, அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் இறுகும்போதே தகடு உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும். பாரம் ஏற்றுவதற்கு முன்பே பட்டைகள் தெரியும்.

கண்ணாடி இழை தோலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, அரிப்பு மட்டும் தெரியும். கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வேன். அப்படியும் முழங்கை வரை சிவந்து தடித்துப்போகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பேன். ரெசின் நாற்றம் தலைமுடியில் ஏறிக்கொண்டு எத்தனை தரம் சீயக்காய் போட்டாலும் இறங்காது. வாசலில் செருப்பை விடும்போதே உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னாம்மா, பெயின்ட் கடைல வேல பாக்கறவங்க மாரி நாறிக்கினு வர்ற? இதுக்கா இம்மாம் படிப்பு படிச்ச?"

கோபமாகச் சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள், நான் நேரே குளிக்கப் போய்விடுவேன்.

வகுப்பெல்லாம் முடிந்து பின்மதியத்தில்தான் என் கைக்கு நேரம் வரும். எங்கள் பட்டறைக்குத் தகரக் கூரை. அந்த நேரத்தில் உள்ளே நிற்பதும் அடுப்படியில் நிற்பதும் ஒன்று. அங்கேதான் கலவை கலப்பேன், அங்கேதான் தகட்டைப் பிரிப்பேன், அங்கேதான் வீட்டிலிருந்து கிழித்துக்கொண்டு வந்த காலண்டர் தாளை வைத்துப் பார்ப்பேன். முதல் சில தகடுகள் குப்பைக்குப் போயின. பிறகு கை பழகிவிட்டது. ஒரு நாள் மீனத்துக்குப் "பொறுமை" என்று போட்டிருந்தது. தகட்டின் வழியாக ஒவ்வொரு எழுத்தும் துடைத்த மாதிரித் தெரிந்தது. யாரும் இல்லாத பட்டறையில் நான் கைதட்டினேன்.

அன்றைக்குத் தொடங்கியது சனி. ராசி பார்க்காத குடும்பம் என்று சொல்லிவிட்டு இந்த வார்த்தையை எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பாரம் ஏற்றி இழுக்கிற பெரிய போலரிஸ்கோப் சென்னையில் என் வழிகாட்டியின் ஆய்வகத்தில்தான் இருந்தது. தகட்டைப் பஞ்சில் சுற்றி, வீட்டில் முறுக்கு போட்டு வைக்கிற எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்புவேன். "இன்னாக்கா, பலகாரமா?" என்று ஒரு கண்டக்டர் எப்போதும் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இல்லை என்றால் விளக்க வேண்டும்.

வழிகாட்டி நல்ல மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். உலோகங்களில் பெயர் வாங்கியவர், ஓய்வு பெறுகிற வயது, நான்தான் அவருடைய கடைசி மாணவி. அவருடைய ஆய்வகத்தில் ஒரு விதி இருந்தது. வெளியிலிருந்து வருகிற எந்த மாதிரியையும் உடனே கருவியில் மாட்டக் கூடாது. ஒரு மணி நேரம் மேசையில் வைத்து அறையின் நிலைக்கு வரவிட்டு, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். நல்ல விதிதான், எல்லா ஆய்வகத்திலும் உள்ளதுதான். நான் தகட்டை மேசையில் வைத்துவிட்டு, கேன்டீனில் காபி குடித்துவிட்டு வருவேன். வந்து பார்த்தால் தகடு வெளுத்திருக்கும்.

"என்னம்மா இது, ஒரே மூட்டமா இருக்கு?" என்பார் அவர், தகட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து. "பட்டையே சரியா தெரியாதே."

"ஊர்ல நல்லா இருந்துச்சு சார். எழுத்து படிச்சேன் சார்."

"பஸ்ல வந்தது இல்ல? ஈரம் ஏறியிருக்கும். இழையை இன்னும் காய வைங்க."

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. இந்தத் தொழிலில் ஈரம்தான் பொதுவான எதிரி. அடுத்த தகட்டுக்கு இழையை இரண்டு மடங்கு நேரம் காய வைத்தேன். வெளுத்தது. அதற்கடுத்ததன் வெட்டு விளிம்புகளுக்கு மெழுகு பூசினேன். வெளுத்தது. செருப்புக் கடையில் கேட்டு, பெட்டிக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை வாங்கி முறுக்கு டப்பா நிறையப் போட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதுவும் வெளுத்தது. ஒரு தை மாதத்தில் செய்தது மட்டும் கொஞ்சம் தேவலை என்றார். பார்த்தீர்களா, பனிக்காலத்தில் மழை இல்லை, ஈரம் கம்மி, அதனால்தான் என்று இருவரும் தலையாட்டிக்கொண்டோம். ஒரு தப்பான எண்ணத்துக்கு அப்படி ஒரு சாட்சி கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் அதை அசைக்க முடியாது.

ஒவ்வொரு முறையும் ராத்திரி வீடு திரும்பி, டப்பாவைத் திறந்து, தகட்டைப் பின்கட்டில் வீசிவிட்டுப் படுத்துவிடுவேன். தோற்றுப் போனதை விளக்குப் போட்டு மறுபடி யார் பார்ப்பார்கள்? காலையில் எழுந்து கல்லூரிக்கு ஓடிவிடுவேன். அத்தைக்கு எதையும் வீணாக்க மனசு வராது. கொல்லையில் மிளகாயும் கருவாடும் காயப்போடும்போது காக்கைக்குப் பயந்து மேலே மூடிவைக்க அந்தத் தகடுகளை எடுத்துக்கொண்டார்கள். என் ஆராய்ச்சியால் பயன் அடைந்த ஒரே ஆள் அவர்கள்தான் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

பல்கலைக்கழகம் கொடுத்த கால நீட்டிப்பு தீரும் வேளை வந்தது. இனி நீட்டிப்பு கிடையாது, அடுத்த தடவை ஒரு நல்ல தகட்டில் அளவு எடுத்தால் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று வழிகாட்டி போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "உடம்பைப் பாத்துக்கம்மா" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைக் கலங்கடித்தது. கைவிடப்பட்டவர்களிடம்தான் அப்படிச் சொல்வார்கள்.

அன்று ராத்திரி கணவருக்குப் போன் செய்தேன். அவர் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியர். வாரம் முழுக்க அங்கே ஒரு வாடகை அறையில் தானே பொங்கித் தின்பார், சனிக்கிழமை இறங்கி வருவார்.

"இந்தத் தடவையும் வரலன்னா விட்டுடறேங்க," என்றேன்.

"நீ விடுன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா?" என்றார்.

"நீங்க சொல்லல. எனக்கே முடியல."

அது பொய்யில்லை. எனக்கு உண்மையிலேயே முடியவில்லை. காலையில் சோறு பொங்கும்போதே இடுப்பு விட்டுப்போகும். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அப்படியே நெற்றியைச் சாய்த்துத் தூங்கிவிடலாமா என்றிருக்கும். கடைசித் தகட்டை நான் ஆசையோடு செய்யவில்லை. செத்த வீட்டுக்குச் சமைப்பவர்கள் மாதிரி, செய்தாக வேண்டியதால் செய்தேன். கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. அந்தச் சித்திரை வெயிலில் பட்டறைக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. தகட்டைப் பிரித்துக் காலண்டர் தாளில் வைத்தேன். நான் செய்ததிலேயே நல்ல தகடு அதுதான். தாளின் மேல் தகடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. திங்கட்கிழமை சென்னையில் இதுவும் வெளுக்கும் என்று தெரியும்.

அந்தச் சனிக்கிழமை கணவருக்கு விடைத்தாள் வேலை, இறங்கி வர முடியாது என்றார். "நீ வாயேன். அப்படி இன்னாதான் செய்யறேன்னு ஒரு தடவயாவது என் கண்ணுல காட்டேன்," என்றார். அவர் நல்ல தகட்டைப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் அரிப்பெடுத்த என் கைகளும் ராத்திரி பின்கட்டில் கிடக்கும் வெளுத்த தகடுகளும்தான். வெளுப்பதற்கு முன்னால் வீட்டில் ஒருவராவது பார்த்துவிடட்டும் என்று முறுக்கு டப்பாவோடு மலைக்குப் பஸ் ஏறினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. காலையில் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தேன். ரொம்ப நாள் கழித்துச் செத்த மாதிரித் தூங்கினேன்.

விடிந்தபோது நல்ல குளிர். அவர் நான் குளிக்க வெந்நீர் போட்டிருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு யாரோ பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் அண்டா அடுப்பில் இருந்தது. நான் டப்பாவைத் திறந்து, பஞ்சை விலக்கினேன்.

தகடு வெளுத்திருந்தது. சென்னை வரை போகக்கூட இல்லை, இங்கேயே, இப்போதே, பால் மாதிரி. கணவர் ஆவலாக எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் கீது," என்றார்.

அந்தப் "பரவால்ல" எனக்குத் தாங்கவில்லை. "இன்னாங்க நல்லா கீது? இதுல இன்னா தெரியுது உங்களுக்கு?" என்று கத்தினேன். கையில் இருந்த தகட்டை எங்கேயாவது எறிய வேண்டும் போலிருந்தது. அறையில் எறிய இடமில்லை. அண்டா மூடியின் மேல் பட்டென்று வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து அழுதேன். எதிரே மரவள்ளிக் கொல்லையில் மூடுபனி நின்றது. அழுகையில் வருத்தத்தைவிட நிம்மதிதான் ஜாஸ்தி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முடிந்துவிட்டது. இனிமேல் அந்த நாற்றம் இல்லை, அந்த முதல் பஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நன்றாகத் தூங்கலாம்.

உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு."

"வுடுங்க."

"அட, வந்து பாருன்றேன். எழுத்து தெரியுது."

போனேன். அண்டாவில் தண்ணீர் இன்னும் கொதி வரவில்லை, மூடி மட்டும் சூடேறியிருந்தது. மூடியின் மேல் தகடு கிடந்தது. தகட்டுக்கு அடியில், பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்த எழுத்துகள், எங்களுக்கு அந்த அண்டாவைக் கொடுத்தவரின் பெயரும் ஊரும் வணக்கமும், ஒரு புள்ளி விடாமல் தெரிந்தன. அங்கே தகடு இருப்பதே தெரியவில்லை.

புடவைத் தலைப்பால் பிடித்து எடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தேன். மெல்ல, ஓரத்திலிருந்து, வெளுத்துக்கொண்டே வந்தது. மறுபடி மூடியில் வைத்தேன். தெளிந்தது. மறுபடி வாசல். வெளுத்தது. அன்று நாங்கள் பூசைக்குப் போகவில்லை. வெந்நீர் கொதி வரும்போதெல்லாம் அவர் பச்சைத் தண்ணீர் ஊற்றினார். நான் குளிக்கவும் இல்லை.

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பாடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். சூடு ஏறினால் பிசின் வெளிச்சத்தை வளைப்பது குறையும், குளிர்ந்தால் கூடும். கண்ணாடி இழை அவ்வளவாக மாறாது. எங்கள் ஊர் வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், இரண்டும் சமமாக இருக்கும்படி பதம் பார்த்துக் கலந்தவள் நான். அந்தச் சூட்டில் மட்டும்தான் அது சமம். ஈரமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சென்னை ஆய்வகத்தில் ஏ.சி. வருடம் முழுக்க ஓடும். அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் மேசையில் வைத்து, நன்றாக வெளுக்கவிட்டு, அப்புறம் வெளுத்துவிட்டதே என்று கவலைப்பட்டிருக்கிறோம். தை மாதத்துத் தகடு கொஞ்சம் தேவலையாக இருந்ததும் அதனால்தான், குளிர்ந்த நாளில் கலந்தது அது. அந்த அறையில் எனக்குக் குளிரும் என்று ஒவ்வொரு முறையும் சால்வை எடுத்துப்போகத் தெரிந்தது. தகட்டுக்கும் குளிரும் என்று எனக்கும் தோன்றவில்லை, அத்தனை படித்த அவருக்கும் தோன்றவில்லை.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத ஆத்திரம். "கண்டுபுடிச்சிட்ட இல்ல, அப்புறம் இன்னா மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு?" என்றார் கணவர். நான் விட்டுவிட நினைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அந்த நிம்மதியும் பறிபோயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை ஆய்வகத்தில், வழிகாட்டி எப்போதும் போல மேசையைக் காட்டினார். நான் டப்பாவைத் திறக்கவில்லை.

"சார், ஏ.சி.ய நிறுத்தணும் சார்."

"கருவிக்கு ஏ.சி. வேணும்மா. அது இல்லாம ஓட்டறது வழக்கம் இல்ல."

"இன்னிக்கு ஒரு நாள் சார். இல்லன்னா நான் டப்பாவோட அப்படியே ஊருக்குப் போயிடறேன்."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவரிடம் அதுவரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. மலையில் நடந்ததைச் சொன்னேன். அண்டா மூடியைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் தன் கையால் ஏ.சி.யை அணைத்தார். ஜன்னல்களைத் திறந்தார். பல வருடமாகத் திறக்காத ஜன்னல்கள், ஒன்று திறக்கவே மாட்டேன் என்றது. சென்னை வெக்கை உள்ளே வந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பழைய ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்து எனக்கும் சேர்த்து விசிறிக்கொண்டார். நாங்கள் இருவரும் தகட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது அவசரமே இல்லாமல் தெளிந்தது.

கருவியில் மாட்டி, விளக்கைப் போட்டு, பாரம் ஏற்றினார். நடுவிலிருந்த துளையின் இரண்டு ஓரத்திலும் முதலில் ஒரு மஞ்சள், பிறகு சிவப்பு, நீலம், பச்சை என்று பட்டைகள் பிறந்து, இழை ஓடும் திசையில் நீண்டுகொண்டே போயின. சாதாரணப் பிளாஸ்டிக்கில் வட்டமாகப் பரவுகிற பட்டை இங்கே இழையோடு சேர்ந்து இழுபட்டது. அதைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருடம் அலைந்தேன். அழகாகத்தான் இருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்தேன்.

அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மணி நேரம் வைக்கச் சொன்னது நான்தானேம்மா," என்றார். இல்லை சார் என்று மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம், அன்றைக்கு எனக்கு வரவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். கதவு வரை கூடவே வந்தவர், "பழைய தகடெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"வூட்டுல இருக்குது சார்," என்றேன்.

அத்தைக்குப் போன் செய்து, வந்துவிட்டது என்று சொன்னேன். ராத்திரி உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் உச்சி வெயிலில்தான் கள்ளக்குறிச்சி வந்து இறங்கினேன். வேலை நாளில் அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை, ஞாயிற்றுக்கிழமையில் அத்தை எதையும் காயப்போடுவதும் இல்லை. அத்தை சோறு போடுகிறேன் என்றார்கள். கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன்.

தென்னை ஓலைப் பாயில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு முறத்தில் கருவாடு. எல்லாம் மூடாமல் திறந்தபடி கிடப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். காக்கை ஒன்று சுவரிலிருந்து இறங்கி, மிளகாய்மேல் உட்காரப் போய், வழுக்கி, தடுமாறிப் பறந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது, மேலே தகடுகள் இருந்தன. நான் வீசிய தகடுகள் எல்லாம். மெழுகு பூசியது, இரண்டு மடங்கு காய வைத்தது, செருப்புக் கடைப் பொட்டலத்தோடு போனது. விளிம்பெல்லாம் பழுத்து மஞ்சளாகி, மேலே கீறல் விழுந்து, இனிமேல் எதற்கும் ஆகாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் மிளகாயின் காம்பு தெரிந்தது, சுருக்கம் தெரிந்தது, கருவாட்டின் செதில் தெரிந்தது.

வெயிலில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை சாப்பாட்டுத் தட்டோடு வந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனார்கள்.

"எதுக்கும்மா அழுவுற? அதான் வந்துருச்சின்னு போன்ல சொன்னியே?"

"வந்துருச்சி அத்த," என்றேன். "எல்லாமே வந்துதான் இருந்துச்சி."